அரை மைல்தானே என்று நம்பி ஏறிய நாள்

போன வருஷம் ஜூலையில் ஹூஸ்டனிலிருந்து ஒன்பது பேர் சேர்ந்து கொலராடோவின் ராக்கி மவுண்டன் தேசியப் பூங்காவுக்குப் போனோம். வாட்ஸ்அப் குழுவில் வந்த திட்டம் ரொம்ப எளிமையாக இருந்தது. ஒரே நாள், மூன்று சின்ன ட்ரெயில், அதாவது மலையில் நடக்கும் பாதை. முதலாவது போய்வர மூன்றரை மைல், இரண்டாவது அரை மைலுக்குக் கொஞ்சம் கூட, மூன்றாவது ஒரு மைல். நான் தினமும் வீட்டுக்குப் பக்கத்தில் நான்கு மைல் நடப்பவள். மொத்தமே ஐந்து மைல், அதுவும் நடுநடுவே காரில் உட்கார்ந்து ஓய்வெடுத்துக்கொள்ளலாம், இதிலே என்ன இருக்கிறது என்று நினைத்தேன். அன்று சாயங்காலம் மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு மருத்துவமனைக் கட்டிலில் தனியாகப் படுத்திருந்தேன். யாராவது ஒருவர் முன்னாலேயே இரண்டு விஷயம் சொல்லியிருந்தால் அங்கே போய்ப் படுத்திருக்க மாட்டேன். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் உயரத்தைச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் யாருமே கவனிக்காமல் விட்டது அதைத்தான். ஹூஸ்டன் கடல்மட்டத்தை ஒட்டிய ஊர், நூறு அடிகூட இருக்காது. வெள்ளிக்கிழமை வேலை முடித்து, இரவு விமானம் பிடித்து டென்வரில் இறங்கினோம். டென்வர் 5,280 அடி. அங்கே இரண்டு கார் வாடகைக்கு எடுத்து, நேராக எஸ்டஸ் பார்க் என்ற ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது நள்ளிரவு ஒரு மணி. அது 7,500 அடி. நான்கு மணி நேரம் தூங்கி எழுந்து, பூங்காவுக்குள் பேர் லேக் என்ற ஏரியின் பார்க்கிங்குக்குப் போனோம். அந்த இடம் 9,475 அடி. நம் ஊர்க் கணக்கில் சொன்னால் இப்படி: தமிழ்நாட்டிலேயே உயரமான மலை தொட்டபெட்டா, சுமார் 8,650 அடி. நாங்கள் கார் நிறுத்திய இடமே அதைவிட எண்ணூறு அடி மேலே. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் சின்ன வயதிலிருந்து எத்தனையோ தடவை போயிருக்கிறேன், மலை எனக்கு ஒத்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை இருந்தது. அந்த நம்பிக்கைக்கு இங்கே அர்த்தமே இல்லை என்பது அப்போது தெரியவில்லை.

காலை ஆறு மணிக்கு நடக்கத் தொடங்கினோம். பேர் லேக்கிலிருந்து நிம்ஃப் லேக், அங்கிருந்து ட்ரீம் லேக், கடைசியில் எமரால்டு லேக். வழி நெடுக பைன் மரங்களின் வாசனை, குளிர்ந்த காற்று. ட்ரீம் லேக்கில் தண்ணீர் அசையாமல் கிடந்தது, ஹாலட் சிகரம் அதற்குள் தலைகீழாகத் தெரிந்தது. அந்த இடத்தைப் பார்த்ததற்காக இன்றைக்கும் சந்தோஷப்படுகிறேன். எமரால்டு லேக் 10,110 அடி. அங்கே ஒரு பாறையில் உட்கார்ந்து சப்பாத்தி ரோலைப் பிரித்து வாயில் வைத்தேன், தொண்டைக்குள் இறங்கவே மாட்டேன் என்றது. நெற்றியின் இரண்டு பக்கமும் ஒரு மந்தமான வலி. தூக்கம் போதவில்லை, காபி குடிக்கவில்லை, அதனால் இருக்கும் என்று ஒரு ஐபுப்ரோஃபென் போட்டுக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். அன்று நடந்த எல்லாமே இந்தப் "யாரிடமும் சொல்லவில்லை"யில்தான் ஆரம்பித்தது. உயரமான இடத்துக்கு வந்த முதல் நாளில் தலைவலி வந்து, கூடவே பசியின்மையோ குமட்டலோ தலைசுற்றலோ அளவுக்கு மீறிய அசதியோ ஒன்று சேர்ந்தால், வேறு காரணம் நிரூபணமாகும்வரை அதை உயரத்தால் வந்த நோயாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அன்று மாலை டாக்டர் சொன்னார். பெரும்பாலும் எட்டாயிரம் அடிக்கு மேலேதான் வருமாம். போய்ச் சேர்ந்த உடனே தெரியாமல், ஆறிலிருந்து பன்னிரண்டு மணி நேரம் கழித்துத்தான் காட்டுமாம். நல்ல உடற்பயிற்சி இருப்பவர்களுக்கு வராது என்பதெல்லாம் கிடையாது. எங்கள் குழுவில் சர்க்கரை நோயுள்ள ஐம்பத்திரண்டு வயது அண்ணா ஒருவருக்கு ஒன்றுமே ஆகவில்லை. தினமும் ஓடுகிற இருபத்தாறு வயதுப் பையனுக்கு என்னைப் போலவே காலையிலிருந்து தலைவலி. அவனும் சொல்லவில்லை. இரண்டு பேரும் ஒரே காரில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து, ஆளுக்கொரு மாத்திரை போட்டுக்கொண்டு வாயை மூடிக்கொண்டு வந்திருக்கிறோம். பிறகு பேசும்போதுதான் தெரிந்தது.

பத்து மணிக்குக் கீழே வந்தோம். அடுத்தது ட்ரெயில் ரிட்ஜ் ரோடு. எஸ்டஸ் பார்க்கிலிருந்து மலைத்தொடரின் முதுகின் மேலேயே போகும் சாலை அது, அதன் உச்சி 12,183 அடி. சுமார் பதினொன்றரையாயிரம் அடிக்கு மேலே மரமே கிடையாது, கண்ணுக்கு எட்டியவரை புல்லும் பாறையும் ஆகாயமும்தான். பன்னிரண்டு மணி வாக்கில் ஆல்பைன் விசிட்டர் சென்டருக்கு வந்தோம், 11,796 அடி. அங்கிருந்து மேலே ஒரு படிக்கட்டுப் பாதை. ஏறும் உயரம் இருநூறு அடிதான், தூரம் போய்வர அரை மைலுக்குச் சற்றுக் கூட. உச்சியில் 12,005 அடி என்று பலகை வைத்திருக்கிறார்கள், அதன் பக்கத்தில் எல்லோரும் படம் எடுத்துக்கொள்கிறார்கள். திருச்சிக்காரி நான், மலைக்கோட்டைப் படியை எத்தனை தடவை ஏறி இறங்கியிருப்பேன். இங்கே பத்துப் படிக்கு ஒரு தடவை நின்றேன். நெஞ்சு அடித்துக்கொண்டது. அந்த உயரத்தில் காற்றழுத்தம் குறைவதால், ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் ஆக்சிஜன் கடல்மட்டத்தில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குகூட இருக்காது. அது தெரியாமல், "எனக்கு என்ன ஆகிவிட்டது, இவ்வளவு பலவீனமாகிவிட்டேனா" என்று எனக்குள்ளேயே கூனிக் குறுகிப்போனேன். முன்னால் போனவர்கள் உச்சியிலிருந்து கையசைத்துக் கூப்பிட்டார்கள். அந்தக் கூப்பாட்டுக்காகவே ஏறினேன். படத்தில் நானும் சிரித்துக்கொண்டு நிற்கிறேன். உதடு வெளிறிப்போய் இருப்பதை இப்போது பார்த்தால் தெரிகிறது.

இறங்கியதும் மதியச் சாப்பாட்டைப் பிரித்தார்கள். புளியோதரை வாசனைக்கே குமட்டியது. அப்போதாவது ஒருத்தரைப் பிடித்து, "என்னைக் கீழே கொண்டுபோய் விடுங்கள்" என்று கேட்டிருக்க வேண்டும். கேட்க வாய் வரவில்லை. ஒன்பது பேர் மாதக்கணக்கில் திட்டம் போட்டு, லீவு போட்டு, பர்மிட் வாங்கி வந்த நாள். வண்டிக்கு ஒரு நேர அனுமதி வாங்கினால்தான் அந்தக் கோடையில் பகல் நேரத்தில் பூங்காவுக்குள் விட்டார்கள், பேர் லேக் பக்கத்துக்கு அனுமதி கிடைப்பது சிரமமாக இருந்தது. இரண்டு காருக்கும் கிடைத்ததே பெரிய விஷயமாக இருந்தது. என்னால் கெட்டது என்று இருக்கக் கூடாது என்று நினைத்தேன். கார் ஓட்டிய பெண்ணிடம் மட்டும், "எனக்குக் கொஞ்சம் முடியலடா" என்றேன். "இன்னும் ஒண்ணுதான் அக்கா, அரை மணி நேரத்துல முடிஞ்சிடும், அப்புறம் இறங்கிடலாம்" என்றாள். அவள்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. நான் சொன்ன விதத்தில் சொன்னால் யாரும் அதைத்தான் சொல்வார்கள். "எனக்குக் கொஞ்சம் முடியல" என்று சொல்லாதீர்கள். "காலையிலிருந்து தலைவலி, இப்போது குமட்டுகிறது, நான் இப்போதே கீழே இறங்க வேண்டும்" என்று முழுசாகச் சொல்லுங்கள்.

மூன்றாவது இடம் ராக் கட். 12,110 அடி. தார் போட்ட ஒரு மைல் பாதை, நடைபாதை மாதிரி இருக்கும். சாலையோரம் கார் நிறுத்த இடமும் கழிப்பறையும் உண்டு, வேறு கட்டடம் எதுவும் இல்லை. ஒன்றேமுக்கால் மணிக்கு எல்லோரும் நடக்க ஆரம்பித்தார்கள். நான் நூறு அடி போயிருப்பேன், கால் கனத்தது, கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. "நீங்க போங்க, நான் கார்ல உட்கார்ந்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். காருக்கு வந்து கதவை இழுத்தபோதுதான் உறைத்தது, சாவி கார் ஓட்டிய பெண்ணிடம் இருக்கிறது. அவள் அதற்குள் மேட்டைத் தாண்டிப் போய்விட்டாள். போனை எடுத்தேன், சிக்னல் இல்லை. என் ஜாக்கெட், தண்ணீர் பாட்டில் எல்லாம் கண்ணாடிக்கு உள்ளே இருந்தன. நான் ஒரு பருத்திச் சட்டையோடு வெளியே நின்றேன்.

ஐந்து நிமிஷத்தில் வானம் கறுத்தது. அந்த மலைகளில் கோடைகாலம் முழுக்க இதுதான் வழக்கம். காலையில் நிர்மலமாக இருக்கும், மதியத்துக்கு மேல் இடி மின்னலோடு மழை திரளும். அதனால் மரமில்லாத உயரத்திலிருந்து நண்பகலுக்குள் இறங்கிவிட வேண்டும் என்பது அங்கே போகிறவர்களுக்குச் சொல்லும் முதல் புத்தி. எங்கள் ஒன்பது பேரில் ஒருவருக்கும் தெரியாது. முதலில் ஆலங்கட்டி விழுந்தது, கடலை அளவு. பிறகு காது கிழிகிற மாதிரி ஒரு இடி. சுற்றிலும் என்னைவிட உயரமாக எதுவுமே இல்லாத சமவெளி. காரோடு ஒட்டி நிற்பதா, உட்காருவதா, கழிப்பறைக்குள் ஓடுவதா என்று தெரியவில்லை. காரை ஒட்டிக் குனிந்து வாந்தி எடுத்தேன். என் வீட்டுக்காரர் முகமும் பிள்ளைகள் முகமும் வந்து போயின. அழுதேன் என்பதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. அந்தப் பயத்தை வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

இரண்டு கார் தள்ளி நின்ற ஒரு வேனின் கதவு திறந்தது. அறுபது வயதுக்கு மேல் இருக்கும் ஒரு தம்பதி, கையை ஆட்டிக் கூப்பிட்டார்கள். ஓடிப்போய் ஏறினேன். அந்தம்மா ஒரு கம்பளியை எடுத்து என்மேல் சுற்றினார், சர்க்கரை போட்ட தேநீர் கொடுத்தார். எப்போது வந்தீர்கள், எந்த ஊரிலிருந்து என்று கேட்டார்கள். நேற்று ராத்திரி, ஹூஸ்டனிலிருந்து என்றதும் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மாத்திரை எதையும் நம்பாதே, உடனே கீழே போ, இறங்குவதுதான் மருந்து என்றார் அந்தப் பெரியவர். மின்னல் நேரத்தில் கூரையுள்ள காருக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருப்பதுதான் அந்த மாதிரி இடத்தில் பாதுகாப்பு, அந்தக் கழிப்பறையை நம்பக் கூடாது என்பதையும் அவர்தான் சொன்னார். வீட்டுக்கு வந்தபிறகு படித்தேன், 2014 ஜூலை 11, 12 என்று அடுத்தடுத்த இரண்டு நாளில் இதே சாலையை ஒட்டிய இடங்களில் மின்னல் தாக்கி நாளுக்கு ஒருவராக இரண்டு பேர் இறந்திருக்கிறார்கள். அதைப் படித்த அன்று ராத்திரி நான் தூங்கவில்லை. அன்று என்னைவிடத் திறந்த வெளியில் நின்றவர்கள் எங்கள் குழுவின் மற்ற எட்டுப் பேரும்தானே.

நாற்பது நிமிஷம் கழித்து எல்லோரும் தொப்பலாக நனைந்து, நடுங்கிக்கொண்டு திரும்பினார்கள். கடவுள் புண்ணியத்தில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அதோடு முடியவில்லை. இறங்கும் வழியில் மழை விட்டு, மலைமேல் வெயில் விழுந்து அப்படி ஒரு காட்சி. ஃபாரஸ்ட் கேன்யன் என்ற இடத்தில் பத்து நிமிஷம், ரெயின்போ கர்வ் என்ற வளைவில் கால் மணி, கீழே எல்க் மான் கூட்டத்தைப் பார்த்து முன்னால் போன கார் நின்றுவிட, இன்னொரு அரை மணி. நான் பின்சீட்டில் கண்ணை மூடிப் படுத்திருந்தேன், தூங்குகிறேன் என்று நினைத்துவிட்டார்கள். ஒன்றரை மணி நேரத்தில் முடிந்திருக்க வேண்டிய இறக்கம் இரண்டேமுக்கால் மணி ஆனது. யாராவது இப்படிச் சோர்ந்து படுத்துவிட்டால், தூங்கட்டும் என்று விடாதீர்கள். எழுப்பிப் பேசுங்கள். பேச்சு குழறுகிறதா, ஒரு நேர்கோட்டில் குதிகாலையும் கால்விரலையும் ஒட்டி வைத்து நடக்க முடிகிறதா, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குகிறதா, இருமல் வருகிறதா என்று பாருங்கள். நடை தள்ளாடினால் மூளையில் நீர் கோக்க ஆரம்பித்திருக்கலாம், சும்மா இருக்கும்போதே மூச்சு வாங்கினால் நுரையீரலில். இரண்டும் உயிருக்கு ஆபத்து. அதற்கப்புறம் ஒரு நிமிஷம்கூட எங்கும் நிற்கக் கூடாது.

ஊருக்குள் வந்ததும் என்னை மருத்துவமனை அவசரப் பிரிவில் இறக்கிவிட்டார்கள். காரில் நனைந்த சின்னப் பிள்ளைகள் இரண்டு பேர் இருந்தார்கள், அவர்களைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வருகிறேன் என்று கார் ஓட்டிய பெண் போனாள். நான்கு மணி நேரம் தனியாகத்தான் இருந்தேன். விரலில் கிளிப் மாட்டிப் பார்த்தபோது ரத்தத்தில் ஆக்சிஜன் 86 சதவீதம்தான். நுரையீரலை எக்ஸ்ரே எடுத்தார்கள், கோட்டில் நடக்கவிட்டுப் பார்த்தார்கள். மது குடித்தீர்களா, தூக்க மாத்திரை போட்டீர்களா என்று கேட்டார்கள், இரண்டுமே மூச்சை மட்டுப்படுத்திவிடுமாம். நல்லவேளை, நுரையீரலும் மூளையும் தப்பித்திருந்தன. ஆக்சிஜன், வாந்திக்கு ஊசி, ஸ்டீராய்டு, சலைன். வீட்டுக்காரருக்குப் போன் போட்டு "ஒன்றுமில்லை" என்று ஆரம்பித்தேன். "என்னம்மா, குரலே ஒரு மாதிரி இருக்கு" என்றார். அதற்குமேல் என்னால் பேச முடியவில்லை.

இன்றிரவு இன்னும் தாழ்வான இடத்தில் தூங்குவது நல்லது என்று டாக்டர் சொன்னதால், ஒரு மணி நேரத் தூரத்தில் ஐயாயிரம் அடியில் இருக்கும் லாங்மான்ட்டில் ஒரு மோட்டல் எடுத்து என்னை விட்டுவிட்டுத் திரும்பினார்கள். அங்கே படுத்த மூன்று மணி நேரத்தில் தலைவலி துடைத்துப் போட்டமாதிரி போய்விட்டது. அதை நினைத்தால்தான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. காலை பத்து மணிக்கே இறங்கியிருந்தால் அவ்வளவுதான் விஷயம்.

செலவையும் சொல்லிவிடுகிறேன். இன்சூரன்ஸ் போக என் கையிலிருந்து மருத்துவமனைக்கு 2,180 டாலர். எனக்கு டிடக்டிபிள், அதாவது இன்சூரன்ஸ் பணம் தர ஆரம்பிக்குமுன் நாமே கட்ட வேண்டிய தொகை, அதிகமுள்ள திட்டம்; ஜூலை வரை ஒரு தடவைகூட டாக்டரிடம் போகாததால் அந்தத் தொகை என் தலையில் விழுந்தது. மோட்டல் 142, ஞாயிறு மாலை விமானத்தைக் காலைக்கு மாற்ற 210, தங்காத விடுதியில் என் பங்கு 160. மொத்தம் 2,692 டாலர். அப்புறம் இரண்டு நாள் லீவு. பில் வந்ததும் கட்டிவிடாமல், ஒவ்வொரு செலவையும் பிரித்துக் காட்டும் விவரப் பட்டியல் கேளுங்கள். நான் கேட்டபோது ஒரு ரத்தப் பரிசோதனை இரண்டு தடவை ஏறியிருந்தது தெரிந்து நீக்கினார்கள், மேலே சொன்ன தொகை அதற்குப் பிறகானது. மிச்சத்தை வட்டியில்லாமல் பத்து மாதத் தவணையாகக் கட்ட ஒத்துக்கொண்டார்கள்.

திட்டம் போடுவதில் நாங்கள் எங்கே தப்பு செய்தோம் என்று நிறைய யோசித்தேன். உடம்பு பழக வேண்டுமென்றால் தாழ்வான இடத்திலிருந்து ஆரம்பித்து மெதுவாக மேலே போக வேண்டும். மின்னலுக்குத் தப்ப வேண்டுமென்றால் உயரமான இடத்தைக் காலையில் முடித்துவிட வேண்டும். இந்த இரண்டும் ஒரே நாளில் சேராது. கடல்மட்டத்திலிருந்து வருகிறவர்கள் இந்த மூன்று ட்ரெயிலையும் ஒரே நாளில் வைத்தால், வரிசையை எப்படி மாற்றினாலும் ஒரு பக்கம் உதைக்கும். குறைந்தது இரண்டு நாள் வேண்டும். முதல் நாள் ஏரிகள், இரண்டாம் நாள் விடிந்ததும் மேலே போய்ப் பதினொரு மணிக்குள் இறங்கிவிடுவது. குழுவில் "எத்தனை மைல்" என்று கேட்பதோடு நிறுத்தாமல், "எத்தனை அடியில் ஆரம்பிக்கிறது, முந்தின ராத்திரி எத்தனை அடியில் தூங்குகிறோம்" என்று கேளுங்கள்.

இந்த ஜூனில் மறுபடி போகிறோம், இந்தத் தடவை ஆறு பேர். வீட்டுக்காரரும் வருகிறார். முதல் இரண்டு ராத்திரி டென்வரில், மூன்றாவது எஸ்டஸ் பார்க்கில். என் டாக்டரைப் பார்த்து, உயரத்தால் வரும் நோயைத் தடுக்கும் டயமாக்ஸ் மாத்திரை வாங்கி வைத்திருக்கிறேன், 125 மில்லிகிராம், மேலே போவதற்கு முந்தின நாளிலிருந்து இரண்டு வேளை. விரல் நுனி மரத்துப்போகும், அடிக்கடி சிறுநீர் வரும் என்றார். சல்ஃபா மருந்து ஒவ்வாமை உள்ளவர்கள் முதலில் அதைச் சொல்லிவிட வேண்டும். வாடகைக் காரில் சாவியில்லாமல் ரகசிய எண் போட்டுத் திறக்கிற வகை கிடைக்குமா என்று தேடினேன், கிடைக்கவில்லை. அதனால் யார் முதலில் திரும்புகிறார்களோ அவர் கையில் சாவியும், கூடவே துணைக்கு ஒருவரும் என்று பேசி வைத்திருக்கிறோம். தம்பதி கொடுத்த கம்பளியைத் திருப்பிக் கொடுக்க மறந்து போர்த்திக்கொண்டே வந்துவிட்டேன், பெயர்கூடக் கேட்கவில்லை. துவைத்து மடித்து வைத்திருக்கிறேன். இந்தத் தடவை அது காரின் பின்சீட்டில் வரும்.